தோன்றா எழுவாய்: சமையல் குறிப்பை எப்படி வாசிப்பது?

கத்தரிக்காயை நறுக்கியவுடன் தண்ணீரில் போடவும், கறுக்காது. துவரம்பருப்பு வேகும்போது சில சொட்டு எண்ணெய் விடவும், பொங்கி வழியாது. தேங்காய் உடைத்தால் கண் உள்ள மூடியை முதலில் துருவவும். அதுதான் சீக்கிரம் கெடும். நாள்காட்டித் தாளின் பின்பக்கம், வார இதழின் பக்க ஓரம், மசாலாப் பொட்டலத்தின் முதுகு, இப்போது கைபேசி என்று எங்கும் நாம் பார்த்துப் பழகிய வாக்கியங்கள் இவை. பெண்கள் சொல்லியும் எழுதியும் சேர்த்த தமிழ் உரைநடையில் கணிசமான பகுதி இதுதான். ஆனாலும் இலக்கிய விமர்சனம் இதன் பக்கம் திரும்புவது அரிது. பயன்படுத்திவிட்டுக் கசக்கி எறியும் தாளுக்கு யார் உரை எழுதுவார்கள்?

எழுதிப் பார்க்கலாம் என்பதுதான் என் எண்ணம். அதற்கு வேண்டிய கருவிகள் நம் இலக்கண வகுப்பிலேயே இருக்கின்றன.

முதல் கருவி தோன்றா எழுவாய். 'நாளை வா' என்றால் 'நீ' என்ற எழுவாய் வெளியே தெரியாமல் உள்ளே நிற்கிறது என்று பள்ளியில் படித்திருக்கிறோம். சமையல் குறிப்பின் வினைகளைப் பாருங்கள்: ஊறவைக்கவும், கிள்ளவும், வதக்கவும், இறக்கவும். கட்டளையின் கூர்மையை மழுக்கிய ஏவல் இது. 'நீ' இல்லை, 'நீங்கள்' இல்லை, 'அம்மா', 'அக்கா' என்ற விளியும் இல்லை. ஆனால் இந்த வினைகளைச் செய்யப்போவது யார் என்பதில் தமிழ் வாசிக்கத் தெரிந்த எவருக்கும் சந்தேகம் வருவதில்லை. பெயர் சொல்லாமலே ஆளைப் பிடித்து அடுப்படியில் நிறுத்திவிடுகிற வாக்கியம்.

இரண்டாவது கருவி, குறிப்பு என்ற சொல்லே. ஒரு சொல்லின் பொருள் வெளிப்படையாகவும் வரும், குறிப்பாகவும் வரும் என்கிறது தொல்காப்பியச் சொல்லதிகாரம். சமையல் குறிப்பின் வெளிப்படைப் பொருள் கத்தரிக்காய் கறுக்காமலிருப்பது. அதன் குறிப்புப் பொருள் என்ன? யாருடைய நேரம், யாருடைய கை, யாருடைய நினைவு அதற்குள் அடங்கிக் கிடக்கிறது? இந்தக் கட்டுரையின் கேள்வி அதுதான்.

குறிப்பை ஏளனம் செய்வதற்காக இதைக் கேட்கவில்லை. குறிப்பு என்பது அறிவு. பருப்பு வெந்த பிறகுதான் புளி சேர்க்க வேண்டும் என்று நம் பாட்டிமார் சொன்னதற்குக் காரணம், புளிப்பு பருப்பின் தோலையும் சதையையும் இளகவிடாது என்பது. சேனையைப் புளித்தண்ணீரில் வேகவைப்பதற்கு, அரிப்புண்டாக்கும் ஊசி போன்ற படிகங்களின் வேகத்தைப் புளிப்பு தணிக்கும் என்பது காரணம். மாவு பொங்க உளுந்து வேண்டும் என்பது வீட்டுக்கு வீடு தெரியும். அந்தப் புளிப்பில் லியூகோனோஸ்டாக் என்ற நுண்ணுயிருக்கு முக்கியப் பங்கு உண்டென்று ஆய்வகங்கள் பின்னால் கண்டுசொன்னபோது, பெண்கள் அந்த உயிரைப் பெயர் தெரியாமலே பல தலைமுறையாக வளர்த்துக்கொண்டிருந்தார்கள். சோதனை, பிழை, மறுசோதனை, முடிவு என்று எல்லாம் நடந்த அறிவியல் அது. கையெழுத்து மட்டும் இல்லை.

கையெழுத்துப் போட்டவர்களில் முதலில் நினைவுக்கு வருபவர் எஸ். மீனாட்சி அம்மாள். இளம் வயதில் கணவரை இழந்த அவர், சுற்றத்தார் கேட்டுக் கேட்டுப் பெற்றுக்கொண்டிருந்த செய்முறைகளை எழுதி, 1951இல் 'சமைத்துப் பார்' முதல் பாகத்தைத் தாமே வெளியிட்டார். கல்யாணமாகிப் போகும் பெண்ணின் பெட்டிக்குள் அந்தப் புத்தகம் சீராகப் போனது. அவருடைய சாதனை பெரிது. கைப்பக்குவம், கண் திட்டம் என்று அதுவரை எழுத்துக்குள் அடங்காதிருந்ததை அவர் அளவாக்கினார். இவ்வளவு புளி, இவ்வளவு உப்பு, இவ்வளவு தண்ணீர். கணவனை இழந்த பெண்ணை வீட்டின் பின்கட்டுக்குத் தள்ளிய ஒரு சமூகத்தில், அந்தப் பின்கட்டிலிருந்தே ஒருவர் நூலாசிரியராகவும் பதிப்பாளராகவும் வெளியே வந்தார் என்பதைப் பெண்ணெழுத்தின் வரலாறு இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும். அதே சமயம் அந்த நூலின் 'வீடு' தமிழ்ப் பிராமண வீடு, சைவ அடுப்பு. 'வீட்டுச் சமையல்' என்ற பொதுப்பெயருக்குள் எந்த வீடு நுழைந்தது, எது வாசலில் நின்றது என்பதையும் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும்.

வாசலில் நின்றதை இன்றைய குறிப்புகளிலும் பார்க்கலாம். மீன் சமைத்த பாத்திரத்தில் வாடை போக எலுமிச்சைத் தோல் தேய்க்கவும். கருவாடு வறுக்கும்போது ஜன்னலைத் திறந்து வைக்கவும், ஊதுவத்தி ஏற்றவும். இந்த வாடை யாருடைய மூக்குக்கு வாடை? கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றி வரிசை வீடுகளில் வாடகைக்கு இருப்பவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். வாடகை பேசும்போதே என்ன சமைப்பீர்கள் என்ற கேள்வி வருகிறது. சாதியைக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் குழம்பைக் கேட்கிறார்கள். பழவேற்காட்டு மீனும் இறாலும் நாள்தோறும் வந்து இறங்குகிற மாவட்டத்தில், மீன் வாசத்தை மறைக்கும் குறிப்பு சுத்தத்துக்காக மட்டும் எழுதப்படுவதில்லை. மாட்டிறைச்சியைப் பக்குவமாக வேகவைக்கும் குறிப்போ நாள்காட்டித் தாளில் என் கண்ணில் பட்டதே இல்லை. அது தெரிந்த பெண்கள் இந்த மாவட்டத்தில் ஏராளம்.

அளவுக்கு வருவோம். குறிப்பு எல்லாவற்றையும் அளக்கிறது, நேரத்தைத் தவிர. 'ஐந்து நிமிடத் தக்காளித் தொக்கு' என்று தலைப்பில் நேரம் இருக்கிறதே என்பீர்கள். அந்த ஐந்து நிமிடம் வாணலி சூடான பிறகு தொடங்குவது. தக்காளி வாங்கியது, அழுகியதைப் பொறுக்கியது, கழுவியது, நறுக்கியது, பிறகு வாணலி தேய்த்தது, அடுப்பு துடைத்தது எதுவும் அதில் சேராது. 'கொண்டைக்கடலையை முந்தின இரவே ஊறவைக்கவும்' என்ற ஒரே வரிக்குள், நாளை இரவு என்ன சாப்பிடப் போகிறோம் என்று இன்றிரவே நினைத்துவைத்திருக்கும் ஒரு மூளை வேண்டும். காலையில் ஊறவைத்து, மாலையில் அரைத்து, இரவெல்லாம் புளிக்கவைத்து, மறுநாள் ஊற்றும் இட்லி ஒன்றரை நாள் கண்காணிப்பு. குறிப்பில் அது மூன்று வினைச்சொல்.

அளந்து பார்த்த கணக்கு ஒன்று இருக்கிறது. ஒன்றிய அரசின் புள்ளியியல் துறை 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டாருக்காக ஊதியமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் அதில் செலவிட்டாள். அந்த வேலையைச் செய்யும் ஆண் 97 நிமிடம். இது வேலையில் கைவைத்தவர்களின் சராசரி மட்டுமே. அந்த வேலையில் ஈடுபட்ட பெண்கள் 81 சதவீதம், ஆண்கள் 26 சதவீதம். 2024 கணக்கெடுப்பில் பெண்ணுக்கு 289 நிமிடம், ஆணுக்கு 88. ஐந்தாண்டில் பெண்ணின் வேலை பத்து நிமிடம் குறைந்தது. ஆணின் வேலையும் ஒன்பது நிமிடம் குறைந்தது. இருவருக்கும் நடுவில் இருந்த இடைவெளி 202 நிமிடத்திலிருந்து 201 ஆகியிருக்கிறது. ஒரு நிமிடம். கடுகு வெடிக்கும் நேரம்.

ஏன் இவ்வளவு மெதுவாக? கருவிகள் வந்தனவே? இதற்குத் திருவள்ளூர் மாவட்டமே ஒரு பாடம். 2011 செப்டம்பர் 15 அன்று, விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டத்தை அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கிவைத்தது திருவள்ளூரை ஒட்டிய காக்களூரில்தான். அந்தத் திட்டத்தை இலவசம் என்று கேலி பேசியவர்கள் ஆட்டுக்கல்லில் குழவி சுற்றியவர்களாக இருக்க மாட்டார்கள். தோளும் இடுப்பும் பெற்ற விடுதலை உண்மையானது. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் அடுத்த ஆண்டே, 2012இல், சென்னைக்கு வெளியே நாளுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு. கரண்ட் இருக்கும் நேரம் பார்த்து நள்ளிரவிலும் விடியலிலும் மாவு அரைத்தவர்கள் யார்? கல் போய் இயந்திரம் வந்தது. கண்விழிக்கும் ஆள் மாறவில்லை. குறிப்புகளும் சேர்ந்தே மாறின: மிக்சியில் உளுந்து அரைக்கும்போது ஐஸ் தண்ணீர் தெளிக்கவும், மாவு சூடாகாது. இயந்திரத்துக்கு ஏற்ப வினைச்சொல் மாறியது. எழுவாய் அப்படியே நின்றது.

நான் பாடம் எடுக்கும் கல்லூரி இந்த மாவட்டத்தில் இருக்கிறது. மாணவிகளில் பலர் வீட்டின் முதல் பட்டதாரிகள். ஒருமுறை இலக்கண வகுப்பில், வீட்டில் புழங்கும் சமையல் குறிப்பு ஒன்றை எழுதி, அதில் தோன்றா எழுவாயைத் தோன்றும் எழுவாயாக்கி வரச் சொன்னேன். ஆந்திர எல்லையோர ஊர்ப் பெண் எழுதியது: 'பருப்பு வெந்த பிறகு புளிச்சக்கீரை போடவும்.' எழுவாய் சேர்த்ததும் இப்படி ஆனது: 'அம்மா பருப்பை அடுப்பில் வைத்துவிட்டுக் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுவாள், பருப்பு வெந்த பிறகு நான் புளிச்சக்கீரை போடுவேன்.' இன்னொருத்தி: 'ஞாயிற்றுக்கிழமையே வாரத்துக்கான காய்களை நறுக்கி டப்பாவில் வைக்கவும்.' அது 'ஞாயிற்றுக்கிழமை நானும் அக்காவும் நறுக்குவோம், தம்பி டிவி பார்ப்பான்' என்று மாறியது. கடலோரத்திலிருந்து வரும் பெண் எழுதியது நாம் எல்லோரும் அறிந்தது: 'மீன் குழம்பை முதல் நாளே வைக்கவும், மறுநாள்தான் ருசி.' அவள் சேர்த்த எழுவாய்: 'மறுநாள் அம்மா விடியலில் மீன் விற்கப் போய்விடுவாள், அதனால் முதல் நாளே வைப்பாள்.'

மூன்றாவதை நான் நெடுநேரம் யோசித்தேன். ருசி என்ற காரணமும் உண்மைதான். உப்பும் புளியும் மீனுக்குள் இறங்க ஓரிரவு வேண்டும். ஆனால் ருசிக்கு முன்னால் ஒரு வேலைநேர அட்டவணை இருக்கிறது. அவள் வீட்டில் இல்லாத நேரத்திலும் அவள் சமைத்தது பரிமாறப்பட வேண்டும். நம் குறிப்புகளில் பல இப்படித்தான்: ருசியைப் பற்றிப் பேசுவதுபோல் நேரத்தைப் பற்றிப் பேசுகின்றன. காலை 6 மணி ஷிப்டுக்குக் கும்மிடிப்பூண்டியிலும் கவரைப்பேட்டையிலும் பஸ்ஸுக்கு நிற்கும் பெண், ஒரு வேலைநாளை முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குக் கிளம்புகிறாள். எல்லை தாண்டி ஸ்ரீசிட்டிக்குப் போகிறவளுக்கு விடியல் இன்னும் முன்னால். 'வேலைக்குப் போகும் பெண்களுக்கான சுலபச் சமையல்' என்ற தலைப்பை இந்த வெளிச்சத்தில் வாசியுங்கள். வேலைக்குப் போகும் ஆண்களுக்கான சுலபச் சமையல் என்று தனிப்பகுதி போடுகிற இதழ் உண்டா?

ஆண்கள் சமைப்பதில்லை என்று சொல்ல வரவில்லை. புதுக்கோட்டை மாவட்டக் கிராமத்து ஆண்கள் நடத்தும் 'வில்லேஜ் குக்கிங் சேனல்' 2021இல் ஒரு கோடிச் சந்தாதாரர்களை எட்டியது. வயல்வெளியில் பெரிய அண்டா, பெரிய கரண்டி, ஊரே கேட்கும் குரலில் பொருள்களின் பெயர். பார்க்க எனக்கும் பிடிக்கும். சமைத்ததை இல்லாதவர்களுக்குக் கொடுக்கிறார்கள் என்பதும் நல்ல விஷயம். ஆனால் அங்கே எழுவாய் உரக்கத் தோன்றுகிறது. முகம், பெயர், குரல் எல்லாம் உண்டு. ஆண் சமைத்தால் அது நிகழ்ச்சி. மீந்த சோற்றை என்ன செய்வது என்ற குறிப்பு அந்த அண்டாவுக்குத் தேவைப்படாது. அது அன்றாடத்தின் கவலை. அன்றாடம் நம்மிடம் விடப்பட்டிருக்கிறது.

சங்கக் கவிதையில் ஒரு சமையல் காட்சியை நாம் ஆண்டுதோறும் பாடம் எடுக்கிறோம். கூடலூர் கிழார் பாடிய குறுந்தொகை 167. புது மனைவி தயிரைக் கையால் பிசைகிறாள், அந்தக் கையை உடுத்திய துணியிலேயே துடைத்துக்கொள்கிறாள், தாளிப்புப் புகை கண்ணில் ஏறுகிறது. அவன் நன்றாயிருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட, அவள் முகம் மெல்ல மலர்கிறது. போய்ப் பார்த்துவிட்டு வந்த செவிலித்தாய் இதைப் பெற்ற தாயிடம் சொல்கிறாள். இல்லற இனிமை என்று உரை சொல்லிப் பழகிவிட்டோம். எனக்கு இதில் வேறொன்றும் தெரிகிறது. அவளே துழாவி அவளே சமைத்தாள் என்று கவிதை அழுத்திச் சொல்கிறது. கை, துணி, கண், புகை என்று சமைக்கும் உடல் முழுதாக அங்கே இருக்கிறது. நம் குறிப்புகள் தொலைத்த எழுவாய் அந்தச் சின்னக் கவிதையில் பத்திரமாக இருக்கிறது. கூலி என்னவோ ஒரு பாராட்டுச் சொல்தான். அந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது.

அப்படியானால் சமையலறையை வீட்டைவிட்டே வெளியேற்றிவிடலாமா? அமெரிக்காவில் சார்லட் பெர்கின்ஸ் கில்மன் 1898இல் 'பெண்களும் பொருளாதாரமும்' நூலில் ஏறக்குறைய அதைத்தான் கேட்டார்: வீட்டுக்கு வீடு அடுப்பு எதற்கு, சமையல் தொழிலாகட்டும். இந்த மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் இன்று சமையலறை இல்லாத வாழ்க்கைதான் வாழ்கிறார்கள், கம்பெனி விடுதிகளில். அங்கே என்ன நடந்தது என்பதை 2021 டிசம்பர் காட்டியது. சுங்குவார்சத்திரம் அருகே ஐபோன் தயாரிக்கும் பாக்ஸ்கான் ஆலையின் தொழிலாளிகள் தங்கியிருந்த, பூந்தமல்லி வட்டாரத்து விடுதி ஒன்றில் சாப்பிட்ட பெண்கள் 250க்கும் மேற்பட்டவர்களுக்குச் சிகிச்சை தேவைப்பட்டது. 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகளின் நிலை தெரியாத பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இரவில் உட்கார்ந்தார்கள். திருவள்ளூர் மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறை போய்ப் பார்த்தபோது அந்தச் சமையலறையில் எலிகள் இருந்தன, கழிவுநீர் வடிகால் மோசமாக இருந்தது, சமையலறை மூடப்பட்டது. சில விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் விதிகளின்படி இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே அந்த மாத இறுதியில் ஒப்புக்கொண்டது.

இந்த நிகழ்வைச் சமையல் குறிப்பு பற்றிய கட்டுரையில் ஏன் பேச வேண்டும்? குறிப்பின் அடிப்படையான உரிமை ஒன்று அங்கே இல்லாமல் போனதால். 'சாம்பாரை முகர்ந்து பார்க்கவும். புளித்த வாடை வந்தால் கொட்டிவிடவும்.' கொட்டிவிடும் அதிகாரம் இருந்தால்தான் இது குறிப்பு. கெட்டது எது என்று கண்டுபிடிக்கும் மூக்கு அந்தப் பெண்கள் ஒவ்வொருவருக்கும் இருந்தது. அம்மாவிடம் கற்ற அறிவு அது. ஒப்பந்தச் சமையலறையில் அந்த அறிவுக்கு இடமில்லை. தட்டில் விழுந்ததைச் சாப்பிட்டுவிட்டு ஷிப்டுக்குப் போக வேண்டும். வீட்டில் அறிவு இருந்து கூலி இல்லை. விடுதியில் கூலி வாங்குகிறவளின் அறிவுக்கு மதிப்பில்லை. அடுப்பை வீட்டுக்கு வெளியே கொண்டுபோவது மட்டும் விடுதலை ஆகிவிடாது. அந்த அடுப்பின் மேல் யாருக்குச் சொல் உண்டு என்பதுதான் கேள்வி.

வேறுவிதமான பொது அடுப்பும் நம் கண்முன்னே எரிகிறது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி மறு ஆண்டு மாநிலம் முழுவதும் விரிந்த காலை உணவுத் திட்டத்தில், கிராமப் பள்ளிகளில் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள் உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் சமைக்கிறார்கள். அந்த ஊர்க் குழந்தைகளுக்கு அந்த ஊர்ப் பெண்கள், கூலிக்கு. ஆறு மணி ஷிப்டுக்கு ஓடும் தாய்க்குக் காலையின் ஒரு கவலை குறைகிறது. ஆனால் பள்ளி அடுப்பைப் பற்றவைக்க விடியுமுன் கிளம்பும் பெண்ணின் வீட்டில் அந்நேரம் அடுப்பு பற்றவைப்பது யார்? அவள் கூலி அவள் உழைப்புக்கு ஈடா? நல்ல திட்டம் என்பதால்தான் இந்தக் கேள்விகளை விடாமல் கேட்க வேண்டும்.

2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், கணவன் சம்பாதித்து வாங்கிய சொத்தில் வீட்டைப் பராமரித்த மனைவியின் உழைப்பும் அடங்கியிருக்கிறது, அவளுக்குச் சமபங்கு உண்டு என்று ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. பத்திரத்தில் பெயர் இல்லாதவளை நீதிமன்றம் எழுவாயாக வாசித்தது என்று அதை நான் புரிந்துகொள்கிறேன். அந்த வாசிப்பு வழக்காடிப் போகிறவர்களோடு நின்றுவிடக் கூடாது.

தோழிகளுக்கும் மாணவிகளுக்கும் சொல்ல விரும்புவது இதுதான். அம்மாவின், அத்தையின், பக்கத்து வீட்டு அக்காவின் குறிப்புகளை எழுதிவையுங்கள். அவை அழியக் கூடாத அறிவு. எழுதும்போது சொன்னவரின் பெயரை எழுதுங்கள். எத்தனை மணிக்கு எழுந்து செய்தார், தண்ணீர் எங்கிருந்து வந்தது, பாத்திரம் யார் தேய்த்தார் என்று ஒரு வரி சேருங்கள். 'உதவி' என்ற சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள்: தன் சோற்றுக்குத் தான் அரிசி கழுவுகிற ஆண் யாருக்கும் உதவி செய்யவில்லை. பிறகு அந்தக் குறிப்பை வீட்டில் சத்தமாக வாசியுங்கள். 'ஊறவைக்கவும்' என்ற இடத்தில் நிறுத்தி, யார் என்று கேளுங்கள். பதில் வரும்வரை அடுத்த வரிக்குப் போக வேண்டாம்.